ஐந்து மாதமும் இருபத்தெட்டு ஆண்டும்: தோட்டப்புறக் குடும்பம் ஒன்றில் இரு அனோரெக்சியா நோயாளிகள்

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தோட்டப்புறச் சிறுநகரம் ஒன்றில், அரசு கிளினிக்கின் மருத்துவராக நான் கவனித்துவரும் ஒரு குடும்பத்தின் நிகழ்வு இது. நோயாளிகள் இருவரும் மாணவியின் பெற்றோரும் இதை எழுத இசைவு தந்துள்ளனர். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியும் சிலவற்றை மாற்றியும் எழுதியிருக்கிறேன். அனோரெக்சியா நெர்வோசா என்னும் உண்ணாமை நோய், ஒருவரைப் பிடித்திருக்கும் காலத்தைப் பொறுத்து உடலிலும் மனத்திலும் எவ்வளவு மாறுபட்ட தோற்றம் கொள்கிறது என்பதை, ஒரே வீட்டில், ஏறத்தாழ ஒரே அளவு மெலிந்திருந்த இருவரிடம் பார்க்க நேர்ந்ததே இப்பதிவுக்குக் காரணம்.

நகரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர் காடாக இருந்த நிலம் இன்று பெரும்பாலும் செம்பனை. லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் நகரோரத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்துவிட்டார்கள். இக்குடும்பமும் அப்படி வந்ததே. தந்தை செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் ஓட்டுநர். தாய்க்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. மகளுக்கு 16 வயது, படிவம் 4 மாணவி. அவளுக்கு ஒரு தம்பி உண்டு. தந்தையின் மணமாகாத அக்காவும் அவர்களுடனேயே வாழ்கிறார். அவருக்கு 46 வயது. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கொட்டகை மூடப்பட்ட பிறகு வீட்டுச் சமையல் முழுவதையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

மாணவியிடம் கண்டவை

பிப்ரவரி தொடக்கத்தில் பள்ளிச் சபைகூடலின்போது மாணவி மயங்கி விழுந்தாள். ஆலோசக ஆசிரியை அவளைத் தாமே காரில் கிளினிக்குக்கு அழைத்துவந்தார். கொளுத்தும் வெயிலிலும் அவள் தடித்த ஜாக்கெட்டைக் கழற்ற மறுத்தாள். விரல் நுனிகள் நீலம் பாய்ந்து குளிர்ந்திருந்தன; முதுகிலும் கைகளிலும் மெல்லிய பூனைமயிர் படர்ந்திருந்தது. உயரம் 158 செ.மீ., எடை 38.5 கிலோ. முந்தைய ஆகஸ்டில் பள்ளியில் எடுத்த எடை 53 கிலோ. உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் உடல் நிறைக் குறியீடு 21க்கு மேலிருந்து 15.4க்கு இறங்கியிருந்தது. படுத்த நிலையில் நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 44. எழுந்து நின்றதும் அது 80ஐத் தாண்ட, கண் இருட்டுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். இரத்த அழுத்தம் 88/56. தீபாவளிக்குப் பிறகு மாதவிலக்கு வரவில்லை.

அவள் சொன்னதையும் தாய் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தபோது காலவரிசை தெளிவானது. ஆகஸ்டில் ஒரு கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர் அவள் உடம்பைப் பற்றிப் பலர் முன்னிலையில் பேசியிருக்கிறார். செப்டம்பரில் புரட்டாசி விரதம் தொடங்கியது. அசைவத்தோடு சேர்த்து எண்ணெயையும் இனிப்பையும் விட்டாள். புரட்டாசி முடிந்தும் விட்டவை திரும்பவில்லை. கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பால் மட்டும். டிசம்பரில் தைப்பூசப் பால்குடத்துக்காக 48 நாள் விரதம், ஒரு வேளைச் சாப்பாடு. விரதங்களுக்கு இடைப்பட்ட நாள்களிலும் அவள் தட்டில் சோறு கூடவில்லை என்பதைத் தனித்தனியே எல்லோரும் கவனித்திருந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. விரதம் நோய்க்குக் காரணம் என்று நான் கருதவில்லை. இந்நகரில் நூற்றுக்கணக்கானோர் விரதமிருந்து நலமாகவே சாப்பாட்டுக்குத் திரும்புகிறார்கள். ஆனால் ஏற்கெனவே தொடங்கிவிட்ட நோய்க்கு அது யாரும் கேள்வி கேட்காத மறைவிடத்தைத் தந்தது.

மனநிலையில் கொந்தளிப்பு மிகுதியாக இருந்தது. சாப்பாட்டு நேரம் நெருங்கினால் அழுகை, கோபம், இரவில் தூக்கமின்மை, மணிக்கட்டை விரல்களால் சுற்றி அளந்துபார்க்கும் பழக்கம். கைப்பேசியில் மணிக்கணக்காகச் சமையல் காணொளிகள் பார்த்தாள். குண்டாகிவிடுவோம் என்ற அச்சத்தை ஒளிக்காமல் சொன்னாள். அதே மூச்சில், “நான் ஏன் இப்படி இருக்கேன்னு எனக்கே பயமா இருக்கு டாக்டர்” என்றும் சொன்னாள். அந்தப் பயத்தை நான் ஒரு நல்ல அறிகுறியாகவே குறித்துக்கொண்டேன். நோயை அவள் இன்னும் தன்னிடமிருந்து வேறான ஒன்றாகப் பார்க்கிறாள் என்பதற்கு அது சான்று.

“அண்ணியும் இப்படித்தானே”

மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்றதும் தாய் தயங்கினார். “எங்க அண்ணியும் இப்படித்தானே டாக்டர், சின்ன வயசிலேர்ந்து கொஞ்சூண்டுதான் சாப்பிடுவாங்க. அவங்களுக்கு ஒன்னும் ஆகலையே” என்றார். தந்தையும் தலையசைத்தார். அக்குடும்பத்தில் ஒருவர் இருபதாண்டுகளுக்கும் மேலாக அரைவயிற்றுடன் உயிர்வாழ்ந்திருப்பதே, மகளுக்கு ஆபத்தில்லை என்பதற்கான சான்றாக நின்றது. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே, அத்தையையும் கிளினிக்குக்கு வரச் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

மருமகளுக்குத் துணையாக என்று சொன்னதால்தான் அவர் வந்தார். உயரம் 154 செ.மீ., எடை 36 கிலோ. உடல் நிறைக் குறியீடு 15.2. மாணவியின் அளவுக்கும் இதற்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் நாடித்துடிப்பு 58, நின்றபோதும் பெரிதாக மாறவில்லை; மயக்கம் இல்லை. வெள்ளணுக்கள் சற்றுக் குறைவு என்பதைத் தவிர இரத்தப் பரிசோதனையில் குறிப்பிடத்தக்கதாக ஏதுமில்லை. அந்தத் தாளை மட்டும் பார்ப்பவர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

வரலாறு வேறு கதை சொன்னது. 18 வயதில், தாய் இறந்த ஆண்டில், சாப்பாடு குறைந்தது. முதலில் அதைத் துக்கம் என்றார்கள், பிறகு பக்தி என்றார்கள், பிறகு சுபாவம் என்று விட்டுவிட்டார்கள். இருபதுகளில் ஆறு ஆண்டுகள் மாதவிலக்கே இல்லை. அதன்பின் எப்போதாவது வந்தது, 39 வயதில் அடியோடு நின்றது. மூன்றாண்டுகளுக்கு முன் குளியலறையில் லேசாக வழுக்கியதில் மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள், ஏன் முறிந்தது என்று யாரும் கேட்கவில்லை. பின்னர் எடுத்த எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் இடுப்பெலும்பின் டி-ஸ்கோர் மைனஸ் 3.1, மைனஸ் 2.5க்குக் கீழ் இறங்கினாலே எலும்புப்புரை நோய். முதுகெலும்பில் அவருக்கே தெரியாமல் ஒரு பழைய நசுக்கு முறிவும் இருந்தது.

அவரிடம் கொந்தளிப்பு எதுவும் இல்லை. பதினொரு மணிக்கு அதே டம்ளரில் கஞ்சி, மாலையில் இரண்டு பிஸ்கட், எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு நின்றபடி இரண்டு கவளம். “எனக்கு இதான் சரியா இருக்கு. கூட சாப்பிட்டா வயிறு ஏத்துக்காது” என்று அமைதியாகச் சொன்னார். குண்டாவது பற்றிய பேச்சே எழவில்லை. 1990களில் ஹாங்காங்கில் மருத்துவர் சிங் லீ, பருமன் அச்சத்தைச் சொல்லாமல் வயிற்று உப்புசத்தையே காரணமாகச் சொன்ன அனோரெக்சியா நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதியிருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் கஞ்சி நேரத்தை ஒரு மணி தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டதும் அவர் கைகள் நடுங்கின. வெளியூர்க் கல்யாணங்களுக்கு அவர் போவதில்லை. தோழியர் எவரும் எஞ்சவில்லை. தினமும் நால்வருக்கு விதவிதமாகச் சமைப்பது ஒன்றே அவருடைய நாளை நிரப்பியது.

காலம் என்ன செய்தது

அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944–45இல் ஆன்சல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். நல்ல உடல்நலத்துடன் இருந்த 36 ஆண்கள் 24 வாரங்கள் அரைப்பட்டினியில் இருந்து, உடல் எடையில் ஏறத்தாழக் கால் பங்கை இழந்தார்கள். அவர்களுக்கு உண்ணாமை நோய் இருக்கவில்லை. ஆயினும் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், உணவைத் துண்டுதுண்டாக்கி நேரம் கடத்தினார்கள், எரிச்சலுற்றார்கள், நட்பிலிருந்து ஒதுங்கினார்கள், நாடித்துடிப்பும் தாழ்ந்தது. ஆகவே மாணவியிடம் கண்ட பலவும், அந்தச் சமையல் காணொளிகள் உட்பட, பட்டினி கிடக்கும் மூளையின் செயல்கள். சோறு திரும்பினால் பெருமளவு அவையும் போகும். அத்தையிடம் அவற்றுக்கு மேல் இன்னொன்று சேர்ந்திருந்தது: 28 ஆண்டுகளில் இறுகிப்போன பழக்கம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டிமத்தி வால்ஷ் 2013இல் முன்வைத்த கருத்தும் இதுவே. தொடக்கத்தில் ஒரு பலனுக்காகச் செய்யப்படும் உணவுக் கட்டுப்பாடு, நாளடைவில் பலன் எதையும் வேண்டாத, தானே ஓடும் பழக்கமாகிவிடுகிறது என்றார் அவர்.

உடலிலும் இதே பிளவு தெரிந்தது. நாடித்துடிப்பு தாழ்வதில் எடையைப் போலவே, அந்த எடை எவ்வளவு வேகமாக, எத்தனை கிலோவாக இழக்கப்பட்டது என்பதும் பெரும்பங்கு வகிக்கிறது. மாணவி ஆறே மாதத்திற்குள் 14 கிலோவுக்கு மேல் இழந்தாள். அவள் இதயம் அந்த வாரமே ஆபத்தில் இருந்தது. அத்தையின் உடல் குறைந்த எரிபொருளுக்குப் பழகித் தன்னைச் சுருக்கிக்கொண்டுவிட்டது. எலும்போ, மாதவிலக்கு இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் கணக்கு வைத்திருந்தது. எலும்பு தன் உச்ச அடர்த்தியை எட்டும் பதின்வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் அது கட்டப்படாமல் போனால், பிற்பாடு முழுமையாக ஈடுசெய்ய இயலாது.

எனவே இருவரில் யாருக்கு நோய் கடுமை என்ற கேள்வியே பிழையானது என்ற முடிவுக்கு வந்தேன். மாணவியின் ஆபத்து அவசரமானது, பெரும்பாலும் மீளக்கூடியது. அத்தையின் ஆபத்து மெதுவானது, அமைதியானது, பகுதி மட்டுமே மீளக்கூடியது. “ஒன்னும் ஆகலையே” என்ற பேச்சுக்குப் பதிலாகப் பெற்றோரிடம் ஓர் உண்மையையும் சொன்னேன். 2011இல் வெளியான தொகுப்பாய்வின்படி, அனோரெக்சியா உள்ள 1000 பேரை ஓராண்டு தொடர்ந்தால் ஏறத்தாழ 5 பேர் இறக்கிறார்கள். அவ்விறப்புகளில் ஐந்தில் ஒன்று தற்கொலை. இருவரிடமும் தனித்தனியே உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று கேட்டேன். இருவரும் இல்லை என்றார்கள். அதன்பின் ஒவ்வொரு சந்திப்பிலும் அதே கேள்வியைத் தொடர்ந்தேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, மாணவியை அன்றே மாநில மருத்துவமனையில் சேர்ப்பது. பகலில் நாடித்துடிப்பு 50க்குக் கீழ் இறங்குவதும், உடல் நிறைக் குறியீடு வயதுக்குரிய நடு அளவில் முக்கால் பங்குக்கு வந்துவிடுவதும், பதின்வயதினரை வார்டில் சேர்ப்பதற்கு உலகெங்கும் கையாளப்படும் அளவுகோல்கள். அவளிடம் முதலாவது தெளிவாகவே இருந்தது, இரண்டாவது விளிம்பில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததுமே வயிறு நிறையச் சோறு போட்டுவிடுவார்கள் என்று தந்தை எதிர்பார்த்தார். நீண்ட பட்டினிக்குப் பின் உணவு திடீரென மிகுந்தால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் நின்றுவிடக்கூடும் என்பதை விளக்க, இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் முகாம்களிலிருந்து மீண்டு, உண்ணத் தொடங்கியதும் இறந்தவர்களைப் பற்றிச் சொன்னேன். அவருடைய தாத்தா, அந்தப் போரில் ஜப்பானியர் கட்டாய உழைப்பால் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பியவர். வேறு விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை. வார்டில் தயமின் என்னும் வைட்டமின் பி1 கொடுத்து, இரத்தத்தைத் தினமும் பார்த்து, உணவைப் படிப்படியாகக் கூட்டினார்கள். மூன்றாம் நாள் பாஸ்பேட் இறங்கியது. மருந்தாகக் கொடுத்துச் சரிசெய்தார்கள். 11 நாளில், பகல் நாடித்துடிப்பு 50க்கு மேல் நிலைத்த பிறகு, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தாய் ஒரு மாத்திரை கேட்டார்: மாதவிலக்கை வரவழைக்கும் மாத்திரை. கருத்தடை மாத்திரையால் இரத்தப்போக்கை வரவழைக்கலாம். ஆனால் எலும்பு அதனால் காக்கப்படாது, உடல் மீண்டுவிட்டதென்ற பொய்யான நிம்மதியே கிடைக்கும். எடை திரும்புவதுதான் மருந்து என்று சொல்லி மறுத்தேன்.

இரண்டாவது முடிவு, வீட்டிலேயே குடும்பத்தைக் கொண்டு சிகிச்சை தொடர்வது. லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையின் ஆய்வு 1987இல் வெளியானது. அதில், 18 வயதுக்குள் நோய் தொடங்கி மூன்றாண்டுகளைக் கடக்காதவர்களுக்கே, குடும்பத்தைச் சேர்த்துச் செய்யும் சிகிச்சை தனிநபர் சிகிச்சையைவிடத் தெளிவாகப் பலன் தந்தது. மாணவி அந்த வரையறைக்குள் நன்றாகவே இருந்தாள். முதல் கட்டத்தில் என்ன, எவ்வளவு, எப்போது என்பதைப் பெற்றோரே முடிவு செய்வார்கள்; எடை தேறத்தேறப் பொறுப்பு சிறிது சிறிதாக மகளிடம் திரும்பும். மனநலப் பிரிவு மாதமொருமுறையும் நான் வாரந்தோறும் பார்ப்பதென ஏற்பாடு.

இந்த இடத்தில்தான் மிகவும் யோசிக்க வேண்டியிருந்தது. அவ்வீட்டில் சோறு போடும் கரண்டி அத்தையின் கையில் இருந்தது. எது போதுமான அளவு என்பதை, நோயுள்ள கண்ணே தீர்மானித்துக்கொண்டிருந்தது. அவரைச் சமையலறையிலிருந்தே விலக்கிவிடலாம் என்றார் தந்தை. நான் ஒப்பவில்லை; அவருக்கென்று எஞ்சியிருந்த ஒரே இடம் அது, அதையும் பறித்தால் அவர் மேலும் சுருங்குவார். சமையல் அத்தையுடையது, மகளின் தட்டில் பரிமாறுவது தாயுடையது என்று பிரித்தோம். அதற்குத் தாய் இரவு ஷிப்டை விட வேண்டியிருந்தது. கிளினிக் கடிதத்தின் பேரில் தொழிற்சாலை பகல் வேலைக்கு மாற்றியது. இரவு வேலைக்கான அலவன்ஸ் போயிற்று. அந்த இழப்பைக் குடும்பம் முணுமுணுக்காமல் ஏற்றது என்பதை இங்கே பதிந்துவைப்பது என் கடமை.

மூன்றாவது முடிவு அத்தையைப் பற்றியது. அவருக்கு அதே முறையைத் திணிப்பதில்லை, இயல்பான எடையை உடனடி இலக்காக வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஏழாண்டு அல்லது அதற்கு மேல் நோயுற்றிருந்த 63 பேரிடம் ஸ்டீபன் டூய்ஸ் குழுவினர் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், எடை கூட்டுவதை முதன்மையாக்காமல் வாழ்க்கைத் தரத்தை மேம்படுத்துவதை நோக்கமாகக் கொண்டபோது, பெரும்பாலோர் சிகிச்சையை விட்டு விலகாமல் இருந்ததுடன் முன்னேற்றமும் கண்டனர். அதே வேளையில் அவரைக் கைவிடப்பட்டவராகக் கருதவும் எனக்கு உரிமையில்லை: பாஸ்டனில் நோயாளிகளை நெடுங்காலம் தொடர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பதாம் ஆண்டளவில் 100க்கு 31 பேரே குணமடைந்திருந்தனர், 22ஆம் ஆண்டளவிலோ அது ஏறத்தாழ 63 ஆக உயர்ந்திருந்தது. கால்சியம், வைட்டமின் டி, எலும்பு மருத்துவரின் பார்வை, இரவில் ஒரு டம்ளர் பால், மாதமொருமுறை என்னைத் தனியே சந்திப்பது ஆகியவற்றோடு தொடங்கினோம்.

தொடர்ந்து நடந்தவை

முதல் ஆறு வாரம் கடுமையாக இருந்தது. தோசையா இடியாப்பமா என்பதில் தொடங்கி, நெத்திலி சம்பலில் எண்ணெய் மிதக்கிறது என்பதில் முடியும் சண்டைகள். ஒருநாள் மைலோவைத் தொட்டியில் கொட்டினாள். தாய் கத்தாமல் இன்னொரு கோப்பை கலந்து வைத்து, அவள் குடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இது மகளின் பிடிவாதம் அல்ல, நோயின் குரல் என்று பிரித்துப் பார்க்கக் கற்ற பிறகு அவருடைய பொறுமை நீண்டது. தம்பியிடம் சாப்பாட்டைப் பற்றி எதுவும் சொல்லாதே, சாப்பிடும்போது பள்ளிக் கதை பேசு என்று மட்டும் சொல்லியிருந்தோம். அவன் அதை மிக நன்றாகவே செய்தான்.

ஜூனில் எடை 47 கிலோ. ஆகஸ்டில் மாதவிலக்கு திரும்பியது. எலும்பு அடர்த்தி வயதுக்குரிய எல்லைக்குள்ளேயே இருந்தது. ஓராண்டு முடிவில் 51 கிலோ. உடல் நிறைக் குறியீடு 20.4. ஆனால் மனம் உடலுக்குப் பல மாதங்கள் பின்னால் வந்தது. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏப்ரலுக்குள் இயல்பாகிவிட்டிருக்க, வெள்ளைச் சோற்றைப் பற்றிய அச்சம் ஆண்டின் இறுதியிலும் முற்றாகப் போகவில்லை. எடை தேறியதுமே பள்ளியில் பலர் குணமாகிவிட்டதாக எண்ணிக்கொண்டதால், அந்தக் கட்டத்தில்தான் ஆலோசக ஆசிரியையின் துணை அவளுக்கு அதிகம் தேவைப்பட்டது. அடுத்த புரட்டாசியில் விரதம் வேண்டாம் என்று பெற்றோர் முடிவெடுத்தனர். நோயுற்றவருக்கு விரதக் கட்டாயம் இல்லை என்று கோயில் குருக்களும் அவளிடம் நேரில் சொன்னார். சைவம் மட்டும் கடைப்பிடித்து மூன்று வேளையும் உண்டாள்.

அத்தையின் எடை ஓராண்டில் 36இலிருந்து 37.8 ஆனது. மேலும் எலும்பு முறியவில்லை. இரவுப் பால் தொடர்கிறது. பகலில் கஞ்சியோடு ஒரு முட்டை சேர்ந்திருக்கிறது, அதை ஏற்க அவருக்கு ஐந்து மாதம் பிடித்தது. மருமகளின் சிகிச்சையைப் பக்கத்திலிருந்து பார்த்ததில், “எனக்கும் அப்ப யாராவது கேட்டிருந்தா” என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அதற்கடுத்த சந்திப்பில், 18 வயதில் என்ன நடந்தது என்பதை முதன்முறையாகத் தாமே தொடங்கிச் சொன்னார். தைப்பிங்கில் நடந்த உறவினர் திருமணம் ஒன்றுக்கு, கஞ்சியைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு போய்வந்தார்.

நடைமுறையில் மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

எங்கள் கிளினிக்கில் மெலிந்த நோயாளி வந்தால் எடையும் உயரமும் மட்டும் குறிப்பது வழக்கம். இப்போது படுத்தும் நிறுத்தியும் நாடித்துடிப்பைப் பார்க்கிறோம், எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்கிறோம். லேசாக விழுந்து எலும்பு முறிந்த, 50 வயதுக்குட்பட்ட பெண் எவராயினும் அவரிடம் மாதவிலக்கு வரலாற்றையும் ஒருநாள் உணவையும் கேட்காமல் அனுப்புவதில்லை. இரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது என்பதைக் கொண்டு இந்நோய் இல்லை என்று எழுதுவதையும் நிறுத்தியிருக்கிறோம்.

பள்ளியுடன் இன்னும் செய்ய வேண்டியது உண்டு. புரட்டாசிக்கு முன்பும் தைப்பூசத்துக்குப் பின்பும் மாணவர்களின் எடையை ஒப்பிட்டு, விரதம் முடிந்தும் எடை இறங்கிக்கொண்டே போகும் பிள்ளைகளை மூன்று மாதத்துக்குள் எங்களிடம் அனுப்ப ஆலோசக ஆசிரியை ஒப்புக்கொண்டிருக்கிறார். எடையை மற்ற மாணவர் முன்னிலையில் உரக்கப் படிக்கக் கூடாது என்பது நான் வைத்த ஒரே நிபந்தனை.

குடும்பத்தில் வேறு யாரேனும் இப்படி உண்பவர் உண்டா, எத்தனை ஆண்டுகளாக, அவ்வீட்டில் சோறு பரிமாறுபவர் யார் என்ற மூன்று கேள்விகளும் எங்கள் கிளினிக் படிவத்தில் சேர்ந்துவிட்டன. அத்தைக்கு அடுத்த எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கு மாநில மருத்துவமனையில் நாள் குறித்தாயிற்று. அதற்குத் தம்பியின் லோரி விடுப்பு நாளையே கேட்டு வாங்கினார்.